நேர்விடைக்காரர்கள்

ஒரு கேள்விக்குத் தமிழில் எட்டு விதமாகப் பதில் சொல்லலாம் என்று கணக்குச் சொல்கிறது நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. இந்தப் பகுதி இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலர் அதை மறந்துவிட்டோம். “கடைக்குப் போகிறாயா?” என்று கேட்டால் “போகிறேன்” என்பது நேர்விடை. “போகமாட்டேன்” என்பது மறைவிடை. வழி கேட்டவருக்கு “அதோ அந்தப் பக்கம்” என்பது சுட்டு. இந்த மூன்றும் வெளிப்படை. மற்ற ஐந்தும் குறிப்பு. “நீயே போயேன்” என்பது ஏவல். “போகாமல் இருப்பேனா?” என்பது வினாதல். “கால் வலிக்கிறது” என்பது உற்றது உரைத்தல், “கால் வலிக்கும்” என்பது உறுவது கூறல். “துணி வேண்டுமானால் துவைத்து வைக்கிறேன்” என்பது இனமொழி. இந்த ஐந்திலும் சொன்ன சொல்லிலிருந்து சொல்லாத பொருளைக் கேட்டவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்விக்கும் இதே கதிதான். நன்னூல் சொல்லும் ஆறு வகை வினாக்களில் எல்லாமே பதில் தெரியாமல் கேட்பவை அல்ல. “படித்தாயா?” என்று அப்பா கேட்பது பெரும்பாலும் ஏவல் வினா, போய்ப் படி என்று பொருள். “உனக்குச் சட்டை இல்லையா?” என்று மாமா கேட்பது கொடை வினா, ஒன்று வாங்கித் தருகிறேன் என்று பொருள். மனிதர்கள் பேசும்போது சொல்லும் பொருளும் எங்கே பிரிகின்றன என்று இன்றைய மொழியியல் தனித்துறை வைத்து ஆராய்வதை நம் இலக்கணம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பெடுத்துவிட்டது.

இந்தக் குறிப்புகள் இயல்பாகப் பிடிபடாத பெரியவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்வார்கள். சொன்ன பதிலை நேரான பொருளிலேயே எடுத்துக்கொள்வார்கள். அதனாலேயே வீட்டிலும் தெருவிலும் வேலையிடத்திலும் ஓயாமல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறார்கள். மருத்துவம் இந்த மூளை அமைப்பை ஆட்டிசம் என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலக மக்களில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். ஆயிரம் பேர் வாழும் ஊரில் சராசரியாக ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் சிலருக்குப் பேச்சே வராது. சிலருக்கு நாள் முழுதும் உடனிருந்து கவனிக்க ஆள் தேவைப்படும். இன்னும் சிலர் படித்து, வேலை பார்த்து, கல்யாணம் முடித்து, தங்களுக்கு ஆட்டிசம் என்ற சந்தேகமே இல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆட்டிசம் என்றாலே நமக்குக் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து எங்கே போனார்கள் என்று நாம் கேட்பதில்லை. அவர்கள் ஊரிலேயேதான் இருக்கிறார்கள். “ஒரு மாதிரியான ஆளு”, “முசுடு”, “முகத்துக்கு நேரா பேசிப்போடுவான்”, “தலைக்கனம்” என்று வேறு பெயர்களில் இருக்கிறார்கள்.

அப்படி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். ஆத்தூர் தாண்டி, உப்பளமும் ஆற்றுக் கால்களும் சூழ்ந்த, பரதவர் வாழும் கடற்கரை ஊர். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை நெல்லையோடு இருந்தது. பேச்சில் நெல்லை வாடை இன்னும் போகவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தமாக இருக்கிற இப்படிப்பட்ட ஊர்களில் பேச்சு என்பது செய்தி சொல்வதற்காக மட்டும் நடப்பதில்லை. நான் உன்னைப் பார்த்துவிட்டேன், நீயும் என்னைப் பார்த்துவிட்டாய் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்வதற்காகவும் நடக்கிறது.

பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே வரும் பெரியவர் “என்ன மாப்ள, தூரமா?” என்கிறார். கிளம்பும் ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது தென்மாவட்ட வழக்கம். அதனால் ‘தூரமா’ என்று சுற்றிக் கேட்பார்கள். “ஆமா மாமா, இந்தா வந்துருவேன்” என்று சொன்னால் போதும். அவருக்குத் தூரமும் வேண்டாம், ஊர்ப்பெயரும் வேண்டாம். நம் ஆள் யோசிக்கிறார். தூத்துக்குடி தூரமா இல்லையா? எதை வைத்துத் தூரம் என்பது? “தூரம்னா எவ்வளவு தூரத்தச் சொல்லுதிய மாமா?” என்று உண்மையாகவே கேட்கிறார். பெரியவர் முகம் சுருங்குகிறது. பெரிய மனுசன் கேட்டால் எதிர்க்கேள்வி போடுகிறானே என்று நினைத்துக்கொண்டு நடக்கிறார். அடுத்த முறை கேட்கமாட்டார். என்ன தப்பு நடந்தது என்று கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது. இருவரில் ஒருவர் மனதிலும் அவமதிப்பு இல்லை. ஆனாலும் ஓர் உறவில் கீறல் விழுந்துவிட்டது. இப்படி வாரத்துக்கு நாலு கீறல் என்றால் இருபது ஆண்டில் அந்த மனிதரைச் சுற்றி யார் மிஞ்சியிருப்பார்கள்?

விதி ஒன்றுபோல் இருந்தாலாவது கற்றுக்கொள்ளலாம். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது “போறேன்” என்று சொல்லக் கூடாது, “போயிட்டு வாறேன்” என்றுதான் சொல்ல வேண்டும் என்பதைச் சின்ன வயதில் அடிவாங்கியாவது படித்துவிடலாம். அதே ஆள் துட்டி வீட்டுக்குப் போகிறார். கிளம்பும்போது, படித்த பாடத்தை மறக்காமல், “போயிட்டு வாறேன்” என்கிறார். இழவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை. அங்கிருப்பவர்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். நல்ல நாளில் மரியாதையாக இருந்த அதே வாக்கியம் இன்று அபசகுனம். எழுதி ஒட்டாத இந்த மாற்றத்தை மற்றவர்கள் எப்போது படித்தார்கள்? அவர்களுக்கே தெரியாது. பார்த்துப் பார்த்துத் தானாக ஏறிவிட்டது. அப்படித் தானாக ஏறாதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

ஏ.கே. ராமானுஜன் 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இந்தியச் சிந்தனை எல்லா இடத்துக்கும் பொதுவான விதியைவிட இடம், பொழுது, ஆள் பார்த்து மாறும் விதியையே விரும்புகிறது என்று வாதிட்டார். நம் அழகுகளில் பல அந்தக் குணத்திலிருந்து வந்தவை. அதற்கு ஒரு விலையும் உண்டு. இடம் பார்த்து மாறும் விதிகளால் ஆன சமூகத்தில், மாறாத விதியை மட்டுமே நம்பி நடக்கிறவர் ஒவ்வொரு வாசலிலும் இடறி விழுவார்.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. பேசாத, கூட்டத்தில் ஒட்டாத, தன் பாட்டுக்கு இருக்கிற பெண்பிள்ளையை நம் வீடுகள் “அடக்கமான பிள்ளை” என்று மெச்சும். அதனால் பிறந்த வீட்டில் யாரும் எதையும் கவனிப்பதில்லை. கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குப் போனதும் நிலைமை தலைகீழாகிறது. அடுப்படியில் மாமியார் “நீ இரு தாயி, நான் பாத்துக்கிடுதேன்” என்கிறார். மருமகள் இருந்துவிடுகிறாள். இரு என்று சொன்னார், இருந்தேன். மாமியாருக்கோ அது மன்னிக்க முடியாத குற்றம். ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்று ஒரு பெரியவள் சொன்னால் ‘நீங்க இருங்க அத்தே’ என்று சொல்லிக் கரண்டியை வாங்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். “எனக்கென்ன, யாரு என்னத்த சாப்பிட்டா என்ன” என்றால் கோபம் என்று பொருள். “ஒண்ணுமில்ல” என்றால் ஏதோ இருக்கிறது என்று பொருள். “பாப்போம்” என்றால் இல்லை என்று பொருள். ஒருநாள் அவள் அலுத்துப்போய், “என்ன செய்யணும்னு நேரா சொல்லுங்க, செய்யுதேன்” என்று கேட்டால் அது வாய்த்துடுக்கு. வேலை செய்யத் தயாராக இருக்கும் ஒருத்தி சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவள் என்றும் பெயர் வாங்குகிறாள். அவளுக்காகப் பஞ்சாயத்துப் பேச வருகிறவர்களும் குறிப்பாகவே பேசுவார்கள்.

இந்தத் தவறு யாருடையது? நெடுங்காலம் அறிவியல் சொன்ன பதில், முழுக்க ஆட்டிசம் உடையவருடையது என்பதே. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாற்றைப் பலரும் தொடங்குவார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1925இல், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி ஏறக்குறைய இதே விவரங்களை எழுதியிருந்தார். உலகம் அவரைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 1985இல் லண்டனில் சைமன் பாரன் கோஹென், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொம்மை தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. மற்றொரு பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறது. திரும்பி வரும் பொம்மை கோலியை எங்கே தேடும்? ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளில் 16 பேர் கோலி உண்மையில் இருக்கும் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறன் இவர்களுக்குக் குறைவு என்ற முடிவு இதிலிருந்து எழுந்தது. சோதனை முக்கியமானது. ஆனால் அதிலிருந்து கிளம்பிய பேச்சு, ஆட்டிசம் உடையவர்களுக்கு அடுத்தவர் மனமே தெரியாது, இரக்கமே கிடையாது என்கிற அளவுக்குப் போனது பெரிய அநீதி.

2012இல் இங்கிலாந்தின் டேமியன் மில்டன் இதைத் திருப்பிப் போட்டார். அவரே ஆட்டிசம் உடைய சமூகவியலாளர். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால் அது இருவருக்கும் இடையிலான கோளாறு. அதை எப்படி ஒருவருடைய மூளைக்குள் மட்டும் கொண்டுபோய் வைக்க முடியும் என்று கேட்டார். ஆட்டிசம் உடையவருக்கு மற்றவர்கள் புரியாததுபோலவே, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உடையவர் புரிவதில்லை. பெரும்பான்மையின் புரியாமையை மட்டும் யாரும் நோய் என்று சொல்வதில்லை.

இதற்கு வலுவான சான்று 2017இல் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் செய்த வேலையில் கிடைத்தது. ஆட்டிசம் உடைய பெரியவர்களும் மற்றவர்களும் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். யாருக்கு ஆட்டிசம் என்று சொல்லவில்லை. சில நொடிகளிலேயே ஆட்டிசம் உடையவர்களைப் பற்றிய அபிப்பிராயம் தாழ்ந்தது. அவர்களோடு பேசவோ பழகவோ பார்வையாளர்களுக்கு விருப்பம் குறைந்தது. அதே ஆட்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அவர்கள் சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கமும் பார்வையும் உடம்பு நிற்கும் விதமும்தான் எடை போடப்பட்டன. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஒரு மாதிரி’ என்று ஊர் முடிவு கட்டுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்ததுபோல இருக்கிறது இது.

2020இல் எடின்பரோவின் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 72 பெரியவர்களை எட்டெட்டுப் பேராகச் சங்கிலியாக வைத்து, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லும்படி செய்தார்கள். ஆட்டிசம் உடையவர்கள் மட்டுமே இருந்த சங்கிலி, மற்றவர்கள் மட்டும் இருந்த சங்கிலிக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் கதை அதிகம் தேய்ந்தது. இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2025இல் அதே குழு 311 பேரை வைத்துப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது மூன்று வகைச் சங்கிலிகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. கலந்த சங்கிலி தேயும் என்ற பகுதியை இனி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டிசம் உடையவர்களுக்குச் செய்தி சொல்லத் தெரியாது என்ற பழைய நம்பிக்கையை இரண்டு ஆய்வுகளுமே ஆதரிக்கவில்லை.

இருவருக்கும் இடையிலான கோளாறு என்று சொல்வது ஒரு சமாதானப் பேச்சு என்று நினைப்பவர்கள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்ததைக் கேட்க வேண்டும். அங்கே ஊழியர் உணவகத்தில் பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் மரியாதை இல்லாதவர்கள், முகம் கொடுக்காதவர்கள் என்று புகார் கிளம்பியது. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார். இறைச்சியோடு ‘கிரேவி’ வேண்டுமா என்று ஆங்கிலேயப் பணியாளர்கள் ஒரே சொல்லில், குரலை உயர்த்தி முடித்துக் கேட்பார்கள். இந்தப் பெண்கள் அதே சொல்லைக் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள். அவர்கள் பிறந்த மொழியில் அதுதான் சாதாரணக் கேள்வி. ஆங்கிலக் காதுக்கோ ‘இது கிரேவி, வேண்டுமானால் எடு, இல்லையென்றால் போ’ என்று கேட்டது. ஒலிப்பதிவை இரு தரப்புக்கும் போட்டுக்காட்டிப் பேசியபோது, தங்களை ஏன் வெறுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கு முதல்முறையாகப் புரிந்தது. மேற்பார்வையாளர்களுக்கும் தாங்கள் கேட்டது ஆணவம் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பெண்களுக்குச் சமூக உணர்வில் குறைபாடு என்று யாரும் சீட்டு எழுதவில்லை. வந்தவர்கள் வேற்று நாட்டார் என்பது தெரிந்திருந்ததால் அந்த இரக்கம் கிடைத்தது. சொந்த ஊரிலேயே பிறந்து, அதே தமிழைப் பேசி, அதிலேயே அயலாராக இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

புன்னக்காயலின் வரலாற்றிலேயே ஓர் அயலார் உண்டு. போர்த்துக்கல் நாட்டுச் சேசு சபைத் துறவி அன்ரீக்கே அன்ரீக்கசு 1547 வாக்கில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கரையில், குறிப்பாகப் புன்னக்காயலில், கழித்து 1600இல் இறந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரை நிலைக்க வைத்தது. என் கட்டுரைக்கு வேண்டியது அதற்கு முந்தைய வேலை. 1549 வாக்கிலேயே அவர் இக்கரைப் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. ஜீன் ஹெய்னும் வி.எஸ். ராஜமும் 2013இல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். தாய்மடியில் மொழி கற்காத ஒருவர், மக்கள் பேசுவதை உற்றுக் கேட்டு, விதி விதியாகப் பிரித்து, எழுதி வைத்துக் கற்றார். 1580இல் கொச்சியில் அச்சான அவருடைய இன்னொரு நூல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்வது. குருவானவர் என்ன கேட்பார், எதை யோசித்துக்கொண்டு போக வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு முழு உரையாடலின் ஒழுங்கை அது அச்சில் தந்தது.

அன்ரீக்கசுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவர் கற்ற வழியைத்தான் சுட்டுகிறேன். மற்றவர்கள் தானாகப் பெற்றதை விதியாக எழுதிக் கற்பதுதான் ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர் தினமும் செய்யும் வேலை. யார் கண்ணை எவ்வளவு நேரம் பார்க்கலாம், சிரிப்பு எங்கே வர வேண்டும், ‘சாப்பிட்டாச்சா’ என்றால் பசியைச் சொல்லலாமா என்று மனதுக்குள் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். பாதிரியாரின் உழைப்பை நாம் புலமை என்று கொண்டாடுகிறோம். அதே உழைப்பை நம் பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் இயல்பாகப் பழகத் தெரியாதவர் என்கிறோம்.

அந்த உழைப்பு உடம்பையும் மனதையும் தின்கிறது. லாரா ஹல் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உடைய பெரியவர்கள் தங்கள் இயல்பை மறைத்து மற்றவர்போல் நடிக்கப் படும் பாட்டை விரிவாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் ஒரு சொல் பேசவும் தெம்பில்லாமல் விழுவதும், நான் யார் என்றே தெரியவில்லை என்ற கலக்கமும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. சாரா காசிடி குழுவினரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு இப்படி மறைப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா’ என்று எளிதாகச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் அனுசரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதில்தான் தேய்கிறார்கள்.

சத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மீறி அல்லது குறைவாக எதிர்வினை வருவதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. மீன் ஏலம் நடக்கும் கரையை நினைத்துப் பாருங்கள். பேச்சு என்ற அளவில் ஏலம் நேர்மையானது. விலை வெளிப்படையாக, எண்ணாக, எல்லோர் காதிலும் விழச் சொல்லப்படுகிறது. குறிப்புக்கு அங்கே வேலை குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் பத்துக் குரல், இஞ்சின் சத்தம், வெயில், வாடை. அதேபோலக் கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும் வேட்டும். அந்த இரைச்சலில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு விலகிப் போனால் அவர் சொந்தக்காரர்களை மதிக்கவில்லை என்று பொருளில்லை. படகில், கடலில், இன்ன ஆளுக்கு இன்ன வேலை என்று பிரித்து, பேச்சைச் சுருக்கி வேலை நடக்கும்போது இதே ஆள் நிம்மதியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையில் ஆகாதவர் என்று பெயரெடுத்த சிலர் கடலில் நல்ல தொழிலாளியாக இருந்திருக்கலாம்.

அரசும் சட்டமும் இவர்களை அறவே மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான குறைந்தது 4 சதவீத ஒதுக்கீட்டில், 1 சதவீதப் பிரிவு ஒன்றில் ஆட்டிசம் உடையவர்களும் வருகிறார்கள். அவரவர் தேவைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவ உரிமையோடு சேர்த்தே விளக்கியது. கண் தெரியாதவருக்குத் தேர்வு எழுத உதவுபவர் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஆட்டிசம் உடைய ஊழியருக்கு மாற்றம் என்றால் என்ன? வேலையை வாய்மொழியாக, போகிற போக்கில், “அதை ஒரு பார்வை பாத்துருங்க” என்று சொல்லாமல், என்ன, எப்போதைக்குள், எந்த அளவு என்று எழுதிக் கொடுப்பது. ஐந்து பைசா செலவில்லாத மாற்றம் இது.

சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. சான்றிதழ் வேண்டும் என்றால் கண்டறிதல் வேண்டும். இந்தியாவில் இதற்குப் பயன்படும் அளவுகோல் 2009இல் வெளியானது. ஆறு பிரிவுகளில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண், 70 வந்தால் ஆட்டிசம். முதல் கூறுகளிலேயே கண்ணோடு கண் பார்க்காமை வருகிறது. மாமனார் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்ந்த பெண்ணிடமும், முதலாளி முகத்தை நேராகப் பார்க்காத தொழிலாளியிடமும் இதை எப்படி அளப்பது? முப்பது ஆண்டு நடித்துப் பழகியவர் பரிசோதனை நடக்கும் நேரமும் நன்றாகவே நடிப்பார். குழந்தையைக் கவனிக்கத் தெரிந்த மருத்துவர்களும் பெரியவர்களிடம் இதைத் தவறவிடக்கூடும். மனச்சோர்வு, பதற்றம் என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். அவையும் இருக்கலாம். வேர் வேறாக இருக்கலாம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு இந்த விஷயத்தில் பின்தங்கிய நிலம் கிடையாது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறது. அந்த மரபை வயது வந்தவர்களுக்கும் நீட்ட வேண்டும். நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வாரத்தில் ஒருநாள் பெரியவர்களுக்கான ஆட்டிசப் பிரிவு அங்கே நடப்பது எட்டாத கனவில்லை.

இடையில் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஹோவர்ட், செட்ஜ்விக் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் 245 ஆட்டிசம் உடைய பெரியவர்களிடம் எப்படித் தொடர்புகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அலுவலக, சேவைக் காரியங்களுக்கு மின்னஞ்சல் முதலிடம் பெற்றது, தொலைபேசி கடைசிக்குப் போனது. எழுத்தில் குரல் குழப்பாது, யோசித்துப் பதில் சொல்ல நேரம் இருக்கும், திரும்பப் படிக்கலாம். வாட்ஸாப் இல்லாத வீடு இன்று அரிது. அழைத்தால் எடுக்காத தம்பியை அகம்பாவம் என்று திட்டுவதற்கு முன் ஒரு வரி எழுதி அனுப்பிப் பாருங்கள்.

நேராகச் சொல்வது இவர்களுக்கு மட்டும் உதவும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் புன்னக்காயலுக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆற்றில் வெள்ளம் புரண்டு, ஆற்றுமுகத்துப் புன்னக்காயல் வெளித்தொடர்பு அற்றுப்போனது. அப்படிப்பட்ட நேரத்தில் “தண்ணி வருதாம், பாத்து இருந்துக்கிடுங்க” என்ற செய்தி யாருக்கு உதவும்? எந்த ஆற்றில், எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு, எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால் கிழவருக்கும் உதவும், வெளியூர்க்காரருக்கும் உதவும், குறிப்புப் பிடிபடாதவருக்கும் உதவும்.

குறிப்புப் பேச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. ‘தூரமா’ என்று கேட்பதில் இருக்கும் கரிசனம் நம் சொத்து. குறிப்பு எட்டாதவரிடம் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் மருமகள் எதிர்க்கேள்வி கேட்டால் அது கேள்வியாகவே இருக்கலாம், பதில் சொல்லுங்கள். உங்கள் தம்பி துட்டி வீட்டில் தப்பாகப் பேசிவிட்டால் தனியே கூப்பிட்டு, ஏசாமல், முறை இன்னது, காரணம் இன்னது என்று விளக்குங்கள். “நான் சொன்னத நீ எப்படி எடுத்துக்கிட்ட?” என்று ஒருமுறை கேளுங்கள். அவரும் உங்களிடம் அதையே கேட்கட்டும், கோபப்படாதீர்கள். இதை வாசிக்கும்போது இது என்னைப் பற்றியது என்று தோன்றினால், எந்த வயதானாலும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கூட்டத்தில் பட்ட இடறல்களை முன்கூட்டியே தாளில் எழுதி எடுத்துப்போங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அழைக்க முடியாதவர் நம்பிக்கையான ஒருவரை அழைக்கச் சொல்லலாம்.